தியேட்டர் பிரிண்ட்டில் ஒரு தலை

நான் லிஃப்டில் ஏறி இறங்கிய தூரத்தையெல்லாம் சேர்த்து நிமிர்த்தி வைத்தால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். அரசாங்கத்தில் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பரசுராமன் வருகிறார் என்றால் வடசென்னையில் எந்த லிஃப்டும் குலுங்காமல் நிற்கும். இதை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி சுகந்தி, "நிக்கும், நிக்கும். நீங்க இறங்கினப்புறம் நிம்மதியா நிக்கும்" என்பாள்.

ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிஞ்சிய சொத்து சினிமா டிஸ்க்குகள். பெரம்பூரில் ஓய்வூதியர்களுக்கென்று கட்டிய அடுக்குமாடியில் ஆறாவது மாடி எங்களுடையது. ஹாலின் கிழக்குச் சுவர் செங்கல்லால் ஆனதல்ல, டிஸ்க்கால் ஆனது, ஒன்றை உருவினால் கட்டடமே சாயும் என்று வருகிறவர்களை மிரட்டி வைத்திருக்கிறேன். யாரும் உருவுவதில்லை. உருவி என்ன செய்வார்கள்? அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டி இந்த ஊரில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஊரில் என்றா சொன்னேன், ஆசியாவில்.

ஒரு படத்தைக் கடையில் வாங்கி வந்து அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. "வாங்கினா அது அப்படியே இருக்குமா தாத்தா? மாறாதா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். எல்லாப் படங்களும் இப்போது வானத்திரை என்கிற ஒரே பொதுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. சொந்தமாக யாரிடமும் இல்லை. வானத்திரை அவ்வப்போது படங்களைத் திருத்தும். முதலில் சிகரெட்டை எடுத்தார்கள். பிறகு கெட்ட வார்த்தைகளை எடுத்தார்கள். அப்புறம் யார் எது பிடிக்கவில்லை என்று மனுப் போட்டாலும் எடுத்தார்கள். நான் இளமையில் பார்த்து நடுங்கிய ஒரு வில்லன் போன மாதம் திருந்தி, இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்திக்கொண்டிருந்தான். என் கண்ணால் பார்த்தேன்.

என் சுவரில் ஒரு பொக்கிஷம் உண்டு. 'கோட்டைமேட்டு சிங்காரம்' படத்தின் தியேட்டர் பிரிண்ட். இந்தத் தலைமுறைக்காகச் சொல்கிறேன்: படம் வெளியான அன்றே எவனோ ஒருவன் சட்டைக்குள் கேமராவை ஒளித்துக்கொண்டு தியேட்டருக்குள் போய், திரையைப் படமெடுத்து, மறுநாளே நடைபாதையில் விற்றுவிடுவான். திருட்டுதான். ஆனால் எப்பேர்ப்பட்ட திருட்டு! படம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், நிறம் மஞ்சள்காமாலை வந்ததுபோல் இருக்கும். கூடவே விசில், குழந்தையின் அழுகை, பாப்கார்ன் கொறிக்கும் சத்தம், ரசிகர்கள் கற்பூரம் காட்டும்போது வரும் கூச்சல் எல்லாம் இருக்கும். கம்பெனி வெளியிட்ட டிஸ்க்கில் படம் மட்டும்தான் இருக்கும். தியேட்டர் பிரிண்ட்டில் பார்த்த ஜனமும் இருக்கும்.

அந்தப் படத்தில் பிரபலமான ஒரு காட்சி. நாயகன் மீன் சந்தையில் வம்பு செய்வான். ஒரு மீன்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டு அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விடுவாள். தியேட்டரே எழுந்து நிற்கும். என் பிரிண்ட்டில் சரியாக அந்த நொடியில் முன்வரிசையில் ஒருவன் துள்ளி எழுவான். திரையில் பாதியை அவன் தலை மறைக்கும். பிறகு கேமரா பக்கம் திரும்பி, வாயில் விரல் வைத்து விசிலடிப்பான். திரை வெளிச்சத்தில் ஒரு காதும், பாதி மூக்கும், மீசையும் தெரியும்.

"அந்தத் தலை என்னுடையது" என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். கல்யாண வீட்டில், பிரிவு உபசார விழாவில், ரத்தப் பரிசோதனை வரிசையில்கூடச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் காதைப் பார்த்து, "அட, ஆமா சார்!" என்பார்கள். எதற்கும் குறுக்கே பேசும் சுகந்தி இந்த இடத்தில் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். எழுந்து உள்ளே போவாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பாத்திரம் சத்தமாக விழும்.

அந்த மீன்காரி யார் என்றால், எங்கள் வீட்டுக்கு மூன்று மாடி மேலே இருக்கும் ஜெசிந்தா. சின்ன வயதில் சினிமாவில் துணை நடிகை. அப்புறம் அரசு மருத்துவமனை நர்ஸாகி ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. மகன் டொரண்டோவில்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மூச்சு வாங்க எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, லிஃப்ட் என்னைக் கண்டுக்க மாட்டேங்குது."

"கண்டுக்கலைன்னா?"

"நான் போய் நிக்கறேன். கதவு திறக்கல. வேற யாராவது வந்தா திறக்குது. அவங்களோட உள்ள போனா, 'ஒருவர்'னு சொல்லுது. ரெண்டு பேரு நிக்கறோம்ண்ணே. ஒருவர்னு சொல்லுது."

லிஃப்டுக்கு வைத்தியம் என்றால் எனக்குப் பால்பாயசம். சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு போனேன். எங்கள் கட்டடத்தில் பொத்தான் கிடையாது. கூரையிலிருக்கும் கேமராக் கண் முகத்தைப் பார்க்கும், கதவு திறக்கும். என்னைப் பார்த்துத் திறந்தது. இருவரும் ஏறினோம்.

"ஒருவர்" என்றது லிஃப்ட், பெண் குரலில். சற்றுப் பொறுத்து, "எடை வழக்கத்தை விட அதிகம். உடல்நலத்தைக் கவனிக்கவும், திரு. பரசுராமன்" என்றது.

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். "பாத்தியாம்மா, உன் எடையையும் என் கணக்குல ஏத்திட்டா."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. "அண்ணே, மஸ்டரிங் ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

ஓய்வூதியர்களுக்கு அந்தச் சொல்லே போதும். நாம் உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருஷத்துக்கு ஒரு முறை நிரூபிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கருவூலத்துக்குப் போய் ஒரு மனிதர் முன்னால் இருமிக் காட்டினால் போதும். இப்போது கீழ்த்தளத்தில் ஒரு கூண்டு இருக்கிறது. உட்கார்ந்தால் கண் பார்க்கும், பச்சை விளக்கு எரியும். அன்று மாலையே அவளைக் கூட்டிக்கொண்டு கூண்டுக்குப் போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இருக்கையில் அமரவும்" என்றது கூண்டு.

"உக்காந்துதாம்மா இருக்கேன்."

"இருக்கையில் அமரவும்."

எதிரே திரையில் கூண்டின் உட்புறம் தெரிந்தது. நாற்காலி, பின்னால் நீலச் சுவர், சுவரில் ஒரு பல்லி. பல்லி தெளிவாகத் தெரிந்தது. ஜெசிந்தா இல்லை.

வியாழக்கிழமை அவள் மகனுக்கு அரசாங்கத்திலிருந்து ஆழ்ந்த இரங்கல் செய்தி போய்விட்டது. அழைப்பு வந்தபோது நானும் சுகந்தியும் அவள் வீட்டில்தான் இருந்தோம். திரையில் அந்தப் பையன் முகம் வீங்கி இருந்தது.

"ரோகன், அம்மாடா. நான் நல்லாத்தான்டா இருக்கேன்!"

அவன் உற்றுப் பார்த்தான். எதிரே அவனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்கு அப்போதே புரிந்தது. வெறும் நாற்காலி.

"யாரு நீங்க? எங்க அம்மா குரல்ல பேசி என்ன வேணும் உங்களுக்கு? செத்தவங்களையாவது விட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஜெசிந்தா அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக்கூட ஒரு ஜோக்கும் தோன்றவில்லை.

மறுநாள் எழும்பூரில் இருக்கும், கண்ணின் பிழைகளைப் பார்க்கும் திருத்தப் பிரிவுக்குப் போனோம். அங்கே நிவேதன் என்றொரு அதிகாரி. முப்பது வயதிருக்கும், முகத்தில் அறுபது வயதுச் சலிப்பு. ஜெசிந்தாவை நேராகப் பார்த்து, "உக்காருங்கம்மா" என்றான். அந்த வாரத்தில் அவள் முகத்தைப் பார்த்து உட்காரச் சொன்ன முதல் அரசாங்கம் அவன்தான். அவள் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு நீங்க தெரியறீங்கம்மா. கண்ணுக்குத்தான் தெரியல" என்றான். "சிங்காரம் படத்துல நீங்க ஹீரோவை அறையறீங்கல்ல, அந்தச் சீனை எடுக்கச் சொல்லி அவரோட பேரப்பிள்ளைங்க மனு போட்டாங்க. எங்க தாத்தா யார்கிட்டயும் அறை வாங்கினதில்லைன்னு."

"அதுக்கு லிஃப்டு என்னப்பா பண்ணுச்சு?" என்றேன் நான்.

"ஊர் முழுக்க ஒரே கண்ணு சார். படத்தைத் திருத்தறதும் அதுதான், லிஃப்டு, ரேஷன், ஃபோன் கால், மஸ்டரிங் எல்லாம் அதுதான். படத்துல இந்த முகம் வேண்டாம்னா, அந்த முகத்தைப் பாக்கக் கூடாதுன்னு கத்துக்குது. படத்துல மட்டும் பாக்காதேன்னு சொல்ல..." மேலே கூரையைப் பார்த்தான். அங்கே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். குரலைத் தணித்தான். "சொல்ல எங்களுக்குத் தெரியல சார்."

"ஃபோட்டோ கொண்டாந்திருக்கேன் தம்பி, கல்யாண ஃபோட்டோ" என்று ஜெசிந்தா பையைத் திறந்தாள்.

"கண்ணு அதைப் பாத்தா உங்க வீட்டுக்காரர் தனியா நிக்கற மாதிரிதான் தெரியும்மா. ஒரே ஒரு வழி இருக்கு. எந்தப் படத்துலேர்ந்து எடுத்தாங்களோ, அந்தப் படத்தோட திருத்தாத காப்பி. அதுல நீங்க இருந்தீங்கன்னா, எடுத்தது தப்புன்னு நான் கண்ணுக்குச் சொல்ல முடியும். ஆனா அப்படி ஒரு காப்பி இப்ப எங்க இருக்கு? கம்பெனி டிஸ்க்குலயே அந்தச் சீனைக் குறைச்சுட்டாங்களாமே."

நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்தேன். கால்மேல் கால் போட்டேன். ஓய்வு பெற்றதிலிருந்து அந்த நொடிக்காகத்தான் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

"தம்பி," என்றேன், "என் வீட்டுக் கிழக்குச் சுவரைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கியா?"

திங்கட்கிழமை என் பழைய பிளேயரையும் பழைய டிவியையும் ஆட்டோவில் ஏற்றி, பிளேயரைப் பச்சைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு ஜெசிந்தாவோடு போனேன். புதிய டிவியோடு இணைத்தால் அது வானத்திரையைக் கேட்டு, திருத்திய படத்தைத்தான் காட்டும். என் பழைய டிவி யாரையும் கேட்காது. எனக்கும் அதற்கும் குணம் ஒன்று.

ஒரே டிஸ்க்கில் மூன்று படம். முதல் இரண்டையும் தாண்டிச் சிங்காரத்துக்கு வந்ததும் அந்த அலுவலகம் முழுக்கத் தியேட்டராகிவிட்டது. கற்பூரக் கூச்சல். எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வந்து கதவோரம் நின்றார்கள். யாருடைய சிரிப்பையோ கேட்டு அவர்களும் சிரித்தார்கள். பல வருஷமாக அவரவர் வீட்டில் அவரவர் திரை முன்னால் தனியாகச் சிரித்தவர்கள் போலிருந்தது.

மீன் சந்தை வந்தது. கூடையோடு ஜெசிந்தா வந்தாள், இருபத்தைந்து வயது ஜெசிந்தா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் இருந்தவள் கூடையைக் கீழே வைத்தாள். கை ஓங்கினாள். அறையும் நொடியில் தலை எழுந்தது.

நிவேதன் படத்தை நிறுத்தினான். "மறைக்குதே சார். மனு போட்டு எடுத்தது அறை விழற நொடியைத்தான், அதுல முகம் பாதிதான் தெரியுது. கண்ணு ஒத்துக்காது." கைக்கருவியில் எதையோ பார்த்தான். "மறைக்கறதை எடுத்தாத்தான் மறைஞ்சது வரும். இது யாருன்னு பேர் தெரிஞ்சா உடனே எடுத்துடலாம். பேர் தெரியலைன்னா தேடிக் கண்டுபிடிக்கணும், மாசக்கணக்காகும். மஸ்டரிங் நாளையோட முடியுது."

"பேர் தெரியலையா?" என்றேன். நான் எழுந்தே நின்றுவிட்டேன். "தம்பி, அந்தத் தலை இதோ, உன் முன்னாடி நிக்குது!"

கதவோரக் கூட்டம் ஆவென்றது. காதைத் திருப்பிக் காட்டினேன். மீசை வைத்திருந்த இடத்தைத் தடவிக் காட்டினேன். அந்த முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்க நான் தியேட்டர் சுவரேறிக் குதித்ததையும், போலீஸ் தடியடி நடத்தியதையும், என் விசில் சத்தத்தில் புரொஜக்டர் நின்றுபோனதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"உறுதியா சார்?"

"என் ஆத்தா மேல சத்தியமா."

"இது திருத்தம் இல்ல சார், சுத்தம். ரெண்டும் வேற." அவன் பார்வை மீண்டும் கூரைக்குப் போனது. "வேறன்னுதான் எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? எங்க ஜெசிந்தா உயிரோட வரணும். எடு."

கருவியை நீட்டினான். கட்டை விரலை வைத்தேன். கூரையிலிருந்த வட்டம் என்னை ஒரு முறை பார்த்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? லிஃப்டில் விழுந்து எழுந்தவன் நான். ஒரு யந்திரம் நம்மைக் கவனிக்கும்போது பிடரியில் தெரியும். டிஸ்க்கைச் சான்றுப்பொருள் என்று சொல்லி அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை லிஃப்ட் முன்னால் ஜெசிந்தா போய் நின்றாள். கதவு திறந்தது. "வணக்கம், திருமதி ஜெசிந்தா" என்றது. அந்த அம்மாள் குழந்தைமாதிரி மேலேயும் கீழேயும் போய் வந்தாள். கூண்டில் பச்சை விளக்கு எரிந்தது. டொரண்டோவிலிருந்து மகன் அழைத்து அழுத அழுகையில் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும். எல்லோருக்கும் அவள் வீட்டில் கோழிக் குழம்பு. வானத்திரையில் அந்தக் காட்சியையும் போட்டுப் பார்த்தோம். பளிச்சென்று இருந்தது. அறை விழுந்தது. யாரும் விசிலடிக்கவில்லை. ஒரு குழந்தைகூட அழவில்லை.

மறுநாள் காலையில் பால் வாங்கக் கிளம்பி லிஃப்ட் முன்னால் நின்றேன்.

நின்றேன்.

பக்கத்து வீட்டு ராயப்பன் வந்தார், கதவு திறந்தது. அவரோடு ஏறினேன். "ஒருவர்" என்றது லிஃப்ட். "எடை வழக்கத்தை விட அதிகம். உடல்நலத்தைக் கவனிக்கவும், திரு. ராயப்பன்."

நிலாவரைக்கும் லிஃப்டில் போனவன் அன்று ஆறு மாடி படியேறி வந்தேன். வீட்டுக் கதவும் திறக்கவில்லை. தட்டினேன். சுகந்தி வந்து திறந்தாள். கையில் ஃபோன். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "உங்களுக்கு ஆழ்ந்த இரங்கலாம்" என்றாள்.

வாங்கிப் படித்தேன். 'அமரர் பரசுராமன் அவர்களின் அன்பும் எளிமையும்' என்று இருந்தது. "எளிமையா? யாருய்யா இவன், என்னைத் தெரியாதவன்" என்றேன். சுகந்தி சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தலை உங்களோடது இல்ல" என்றாள்.

நான் டிஸ்க் சுவரைப் பார்த்தேன்.

"அந்தப் படம் ரிலீஸான அன்னிக்கு, அதே காலையில, நீங்க அரக்கோணத்துல எங்க வீட்ல பெண் பாக்க வந்து பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தீங்க. ஒம்போது பஜ்ஜி. நாப்பது வருஷமா சபையில உங்க மானம் போகக் கூடாதுன்னு வாயை மூடிட்டு இருந்தேன். நான் ஒரு முட்டாள்."

ஏழு பஜ்ஜிதான். அவளுக்கும் கொஞ்சம் மிகைப்படுத்தும் பழக்கம் உண்டு.

எழும்பூருக்கு மறுபடியும் போனோம். இந்த முறை ஜெசிந்தா முன்னால் நடந்தாள். அவளுக்குக் கதவு திறக்க, அவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நானும் சுகந்தியும் நுழைந்தோம். நிவேதன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தத் தலை என்னோடது இல்லப்பா. சும்மா சொன்னேன்" என்றேன்.

"சார்..." என்று தலையைப் பிடித்துக்கொண்டான். "சும்மா யாராவது சத்தியம் பண்ணுவாங்களா?"

"அவர் பண்ணுவார்" என்றாள் சுகந்தி.

"அப்ப அந்தத் தலைக்காரன் எங்க?"

"எங்கியாவது சௌக்கியமா லிஃப்டுல போயிட்டிருப்பான்" என்றேன். "போகட்டும். எனக்கு வழி சொல்லு."

"அதே வழிதான் சார். அந்தக் காட்சி ஓடின நேரத்துல நீங்க வேற இடத்துல இருந்தீங்கன்னு காட்டணும். கண்ணு தொடாத காப்பியா இருக்கணும். முகம் தெளிவாத் தெரியணும்." கொஞ்சம் நிறுத்தினான். "குறுக்க யாராவது வந்தா... உங்களுக்கே தெரியும்."

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி பீரோவைக் குடைந்தாள். பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து ஜெயித்தவள்போல் ஆட்டினாள். அவள் அண்ணன் வெளிநாட்டிலிருந்து புதிதாக வாங்கி வந்த கேமராவில், பெண் பார்த்த அன்று வீட்டையே படமெடுத்து டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தான். "உங்க சுவத்துல இதுக்கு இடம் கொடுத்தீங்களா? இப்ப பாருங்க, இதுதான் உங்களைக் காப்பாத்தப் போகுது" என்றாள்.

போட்டோம். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதியும் நேரமும் ஓடின. அரக்கோணத்து வீடு. பாயில் என் அப்பா, அம்மா. ஓரத்தில் நான், மீசையும் எண்ணெய் வழியும் தலையுமாக.

"ஐயோ, அந்த மீசை! உங்களைப் பாத்து எப்படிச் சரின்னு சொன்னேன்?" சுகந்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேமரா என் பக்கம் திரும்பியது. ஆனால் நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். படம் முழுக்கக் குனிந்தபடியேதான் இருந்தேன். பேச்சில் புலியாக இருந்தவன் அந்த அரை மணி நேரம் பஜ்ஜித் தட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு முறை நிமிர்கிறேன். உள்ளேயிருந்து பெண் காபித் தட்டோடு வருகிறாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து குனிகிறாள். அப்போதுதான் நிமிர்கிறேன். என் முகத்தில் பாதியை அவள் முகம் மறைக்கிறது. அவளைத் தவிர வேறு எதையும் பார்க்காத ஒரு கண், மீசையில் ஒரு ஓரம், அவ்வளவுதான் தெரிகிறது. அப்புறம் அவள் போய்விடுகிறாள். நான் மறுபடியும் குனிந்துவிடுகிறேன்.

மறைக்கிறதை எடுத்தால்தான் மறைந்தது வரும்.

எடுப்பதற்குப் பேர் தெரிய வேண்டும். பேரும் தெரியும், கதவிலக்கமும் தெரியும். கட்டை விரல் வைக்கச் சொன்னால் இவள் யோசிக்கவும் மாட்டாள்.

சுகந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கவனிக்கவில்லை. "எந்த இடத்தைக் காட்டணும்? உங்க மூஞ்சி நல்லாத் தெரியற இடம் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு" என்றேன். டிஸ்க்கை வெளியே எடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். "அடடா. கீறல்டி. பாத்தியா, குறுக்கால பெருசா ஓடுது. இப்ப ஏதோ ஓடிடுச்சு, ஆபீஸ்ல போய்ப் போட்டா சிக்கும். எத்தனை டிஸ்க் பாத்தவன் நான்! இந்த மாதிரிக் கீறலுக்கு உலகத்துல வைத்தியமே கிடையாது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு எப்படித் தெரியும்? இதுக்குத் தனிக் கண்ணு வேணும்."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் பொய் சொல்லும்போது அவளுக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. இருந்தாலும் எழுந்து உள்ளே போனாள். ஒரு பாத்திரம் விழுமென்று காத்திருந்தேன். விழவில்லை.

இப்போது நான் வெளியே போவதென்றால் யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது ஒட்டிக்கொண்டுதான். ராயப்பன் தன் எடையைப் பற்றி டாக்டரிடம் போய்விட்டு வந்திருக்கிறார். என் மாத்திரையை ஜெசிந்தா வாங்கி வருகிறாள். வீட்டிலுள்ள யந்திரம் தினமும் காலையில், "தனிமையாக உணர்கிறீர்களா, திருமதி சுகந்தி?" என்று கேட்கிறது. "அந்தப் பாக்கியம் எனக்கு எங்க?" என்கிறாள் அவள். அதற்கு அது பதிலை ஆறுதல் பிரிவுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. அடுத்த மாதம் தனியாக இருப்பவர்களை ஒற்றை அறை வீட்டுக்கு மாற்றப்போகிறார்களாம். டிஸ்க் சுவருக்கு அங்கே இடமிருக்காது. எனக்கு இருக்குமா என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அந்த டிஸ்க்கை நூலில் கோத்துப் பால்கனியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். புறா வராமலிருக்க என்று சுகந்தியிடம் சொன்னேன். ஊரிலுள்ள அத்தனை புறாக்களும் அதைப் பார்த்து அரக்கோணம் தாண்டிப் பறந்துவிட்டன என்று ஜெசிந்தாவிடம் அளந்து வைத்திருக்கிறேன். காலை வெயிலில் அது சுற்றும்போது அருகில் போய் நிற்பேன். வானவில் நிறத்தில் என் முகம் தெரியும், நடுவில் ஒரு ஓட்டையோடு. சில நாள் சுகந்தியும் காபியோடு வந்து பக்கத்தில் நிற்பாள். அப்போது இரண்டு முகம் தெரியும்.

"இருவர்" என்பேன் நான், லிஃப்டின் குரலில்.